நிலக்கடலையும் நிரலும்

நுழையும்முன்

கணினி அறிவியலைக் கற்பிக்கக் கணினி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கணினி வந்து சேர்ந்ததும் கற்பித்தல் தானாகவே நிகழ்ந்துவிடுமா? மாணவரின் மொழிக்கும் ஊருக்கும் அன்றாடப் பொருள்களுக்கும் நிரலாக்க வகுப்பில் எத்தகைய இடம் இருக்க வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மனப்பாடமாகும் நிரல்

தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிரிந்து உருவானது விழுப்புரம் மாவட்டம். நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் உளுந்தும் விளையும் வேளாண் நிலம் அது. அங்குள்ள அரசுப் பள்ளிகளுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்களுள் பலர், தம் குடும்பத்தில் மேனிலைக் கல்வியை எட்டிய முதல் தலைமுறையினர். அவர்களுள் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுப்போர் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் கற்கின்றனர்.

நிரலாக்கம் என்பது ஒரு சிக்கலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, அப்படிகளை ஐயத்திற்கு இடமின்றி வரிசைப்படுத்தும் கலை. எனினும், அதனைச் செய்யுளைப் போல மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் ஒரு புள்ளியும் பிறழாமல் எழுதி, முழு மதிப்பெண் பெற்றுவிடவும் இயலும். அவ்வாறு எழுதியவரிடம், "இந்த மடக்கு பத்து முறைக்கு மாற்றாக ஒன்பது முறை சுழன்றால் என்ன விடை வரும்?" என்று கேட்டால் அவர் திகைப்பார். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, அறிவு கிடைப்பதில்லை. பெருநகர மாணவர் இக்குறையைத் தனிப்பயிற்சியாலும் வீட்டிலுள்ள கணினியாலும் ஈடுசெய்துகொள்ளக்கூடும். பள்ளியைத் தவிர வேறு துணையில்லாத மாணவருக்கு, வகுப்பறையில் தவறவிட்டது பெரும்பாலும் தவறியதாகவே போய்விடுகிறது. ஆகவே, நிரலாக்க வகுப்பில் எவை கற்பித்தல் கருவிகளாக அமைய வேண்டும் என்பது சமூகநீதியோடு தொடர்புடைய வினாவாகும்.

கருவிகள் வந்த வரலாறு

இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. இந்திய அரசு 1984-85ஆம் ஆண்டில் 'கிளாஸ்' என்னும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்குப் பிரித்தானியத் தயாரிப்பான பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கியது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பின்னர் அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2018ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த புதிய பாடநூல்களில் கீழ்வகுப்புகளுக்கு டக்ஸ் பெயிண்ட், லிப்ரே ஆபீஸ், ஸ்கிராட்ச் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் அறிமுகமாயின. பதினோராம் வகுப்பு நூலில், சி++ மொழிக்கு முன்பாகவே நெறிமுறைச் சிந்தனையை வளர்க்கும் பாடங்கள் வைக்கப்பட்டன.

இவையனைத்தும் வரவேற்கத்தக்க முயற்சிகளே. இவற்றின் வழியே கணினி என்னும் பொறி மாணவரின் கைக்கு எட்டியது. ஆயினும், பொறி எவ்வாறு 'சிந்திக்கிறது' என்பதைப் புலப்படுத்த மற்றொரு வகைக் கருவியும் தேவைப்படுகிறது. அது மாணவர் கையால் தொட்டு, தம் மொழியில் பேசி, தம் விருப்பப்படி மாற்றிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அத்தகைய கருவிகள் விலைக்கு வாங்கப்பட வேண்டியவை அல்ல. அவை ஏற்கெனவே மாணவரைச் சூழ்ந்துள்ளன.

தராசும் தீப்பெட்டியும்

கணினியைத் தொடாமலேயே கணினி அறிவியலைக் கற்பிக்கும் முறை ஒன்று 1990களில் நியூசிலாந்தில் உருவானது. கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் சீட்டுகள், கயிறு, சுண்ணக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டுகளை வடிவமைத்தனர். அவை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியுள்ளன. அம்முறையை விழுப்புரத்து வகுப்பறைக்குக் கொண்டுவர ஒருபிடி நிலக்கடலை போதும்.

அவ்வட்டார மக்கள் 'மல்லாட்டை' என்று வழங்கும் நிலக்கடலை, திண்டிவனத்தின் பெயரை நாடறியச் செய்த பயிர்களுள் ஒன்று. அங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இரகங்கள், ஊரின் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகளைத் தாங்கியுள்ளன. எட்டுத் தீப்பெட்டிகளில் வெவ்வேறு எண்ணிக்கையில் நிலக்கடலைப் பருப்புகளை இட்டு மூடிவிட வேண்டும். பெட்டிகளைத் திறவாமல், ஒரு சிறு தராசை மட்டும் கொண்டு, அவற்றை எடை வாரியாக வரிசைப்படுத்த வேண்டும். தராசுக்கு ஒரு நேரத்தில் இரண்டு பெட்டிகளை மட்டுமே ஒப்பிடத் தெரியும். வரிசையாக்க நிரலை இயக்கும் கணினியின் நிலையும் அதுவே. மனிதரைப்போல எட்டையும் ஒரே பார்வையில் கண்டு அதனால் முடிவெடுக்க இயலாது.

முதல் குழு, இருப்பவற்றுள் மிக இலேசான பெட்டியைத் தேடி முன்னே வைக்கிறது. எஞ்சியவற்றுள் மீண்டும் தேடுகிறது. அம்முறையில் 28 ஒப்பீடுகள் தேவைப்படும். இரண்டாம் குழு, பெட்டிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, பின் இரு சோடிகளை ஒரு வரிசையாக இணைத்து, இறுதியில் நான்கு நான்கான இரு வரிசைகளை ஒன்றாக்குகிறது. அம்முறையில் 17 ஒப்பீடுகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. எட்டுப் பெட்டிகளில் இவ்வேறுபாடு சிறிது. ஆயிரம் பெட்டிகள் என்றால் முதல் முறைக்கு 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். இரண்டாம் முறைக்கு 9,000 ஒப்பீடுகளே மிகுதி. நெறிமுறையின் திறன் என்னும் கருத்தைப் பல பக்க விளக்கத்தைவிட விரைவாக இத்தராசு உணர்த்திவிடும்.

இதே ஊர்ப் புவியியலும் பாடமாகும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளுக்குத் தடம் பிரியும் தொடர்வண்டிச் சந்திப்பு விழுப்புரம். அங்கிருந்து புறப்பட்டுத் திண்டிவனம், செஞ்சி, புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களுக்கும் சென்று திரும்ப எத்தனை வழிகள் உள்ளன? முன்னும் பின்னுமாகத் திரும்பி வருபவற்றை ஒன்றாகக் கொண்டால் மூன்றே சுற்றுகள். ஊர்களின் எண்ணிக்கை விழுப்புரத்தையும் சேர்த்துப் பத்தானால், சுற்றுகளின் எண்ணிக்கை 1,81,440 ஆகிவிடும். மிக விரைவான கணினியையும் மலைக்க வைக்கும் சிக்கல்கள் உலகில் உண்டு என்பதை அறிய மாணவர் வெளியூர் செல்ல வேண்டியதில்லை.

ஐந்து அட்டைகளும் தமிழ் எழுத்தும்

கணினிக்குத் தெரிந்தவை சுழியமும் ஒன்றும் மட்டுமே என்பதை மாணவர் ஏட்டளவில் அறிவர். ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 என்னும் எண்ணிக்கையில் புள்ளிகளை இட்டு, ஐவர் கையில் கொடுத்தால் அது கண்முன் நிகழும். அட்டையைக் காட்டுவது ஒன்று, மறைப்பது சுழியம். இவ்வாறு ஐந்து அட்டைகளால் சுழியம் முதல் 31 வரையிலான 32 எண்களைக் குறிக்கலாம்.

தமிழின் உயிரெழுத்துகள் 12, மெய்யெழுத்துகள் 18, ஆய்தம் ஒன்று ஆகியவற்றைக் கூட்டினால் 31 வருகிறது. சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்திற்குச் சுழியத்தை ஒதுக்கினால், ஐந்து அட்டைகளுக்குள் இவையனைத்தும் எஞ்சலின்றி அடங்கிவிடும். உயிர்மெய்யையும் சேர்த்து எண்ணும் 247 எழுத்துகளுக்கு எட்டு அட்டைகள் போதும். ஏனெனில் எட்டு அட்டைகளால் 256 எண்களைக் குறிக்கலாம். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்னும் வரையறை, அப்போது மாணவருக்குத் தம் நெடுங்கணக்கோடு இணைந்த செய்தியாகிவிடும்.

கோலம் என்னும் நிரல்

தமிழக வாசல்களில் நாள்தோறும் எழுதப்படும் கோலமும் ஒரு நெறிமுறையே. '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்னும் குறிப்பைக் கேட்ட அளவிலேயே கோலமிடுவோர் புள்ளிகளை வைக்கத் தொடங்கிவிடுகின்றனர். நடுவரிசையில் 15 புள்ளிகள். மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, 8 வந்ததும் நிற்க வேண்டும். தொடக்கம், முடிவு, ஒவ்வொரு சுற்றிலும் நிகழும் மாற்றம் என ஒரு மடக்கிற்குரிய மூன்று கூறுகளும் அச்சிறு தொடருக்குள் உள்ளன. அதனை விரித்தால் 15 வரிசைகளில் 169 புள்ளிகள் அமையும். மடக்குக் கூற்றின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடுவது அரிது.

தெரிந்து தெளிவோம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கும் ஆய்வுக்கட்டுரையை 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். படங்களை உருவாக்கும் விதிகளைப் பற்றிய கோட்பாட்டிற்குத் தமிழகத்து வாசற்கோலம் சான்றாக அமைந்தது.

மொழி தடையா?

நிரலாக்கத்திற்கு ஆங்கிலமே அடிப்படை என்றும், தமிழ்வழிக் கற்றவர்க்கு அது எட்டாது என்றும் கருதுவோர் உளர். இக்கருத்தைச் சற்று நெருங்கி ஆராய வேண்டும். பைத்தான் மொழியில் அதற்கெனவே ஒதுக்கப்பட்ட சிறப்புச் சொற்கள் 35 மட்டுமே. பதினோராம் வகுப்பு மாணவர் அவற்றைச் சில நாள்களில் கற்றுக்கொள்வார். அச்சொற்களைக் கொண்டு எதனை, எந்த வரிசையில், எந்த நிபந்தனையோடு செய்விப்பது என்னும் சிந்தனையே கடினமானது. சிந்தனையோ தாய்மொழியில் தெளிவாக நிகழும். எனவே கருத்தைத் தமிழில் விவாதித்து, கட்டளையைக் கணினி ஏற்கும் மொழியில் எழுதுவதே இயல்பான வழி.

கட்டளைகளையும் தமிழிலேயே எழுத முடியும் என்பதை முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி மெய்ப்பித்துள்ளது. திரையில் ஒரு செய்தியைக் காட்டுவதற்கு அதில் 'பதிப்பி' என்று எழுதினால் போதும். தொழில் உலகில் பரவலாகப் பயன்படும் மொழிகளுக்கு எழில் மாற்றாகாது என்பது உண்மையே. ஆயினும், முதல் நிரலை எழுதும் சிறுவரின் அச்சத்தைப் போக்கும் நுழைவாயிலாக அதனைக் கொள்ளலாம்.

தமிழ் அறிந்தவர்க்கு மட்டுமே விளங்கும் கணினிச் சிக்கல்களும் உள்ளன. பைத்தானில் சரத்தின் நீளத்தைக் கணக்கிடும் 'லென்' என்னும் செயற்கூறிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தால், அது 5 என்று விடை தருகிறது. இலக்கணப்படி அச்சொல்லில் உள்ளவை மூன்று எழுத்துகளே. ஒருங்குறி முறையில் தகரம், மகரம், இகரத்தின் குறி, ழகரம், மெய்ப்புள்ளி ஆகியவை ஐந்து தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே இதற்குக் காரணம். மூன்று என்னும் சரியான விடையைத் தருமாறு ஒரு நிரலை எழுத முயலும் மாணவர், ஒரே வேளையில் எழுத்திலக்கணத்தையும் ஒருங்குறியையும் நிபந்தனைக் கூற்றையும் கற்கிறார். 'ஓபன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு இத்தகைய தேவைகளுக்காகவே உருவாக்கப்பட்டது. தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து நிற்பதற்கு இதனைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

கணினிக்கு மாற்று உண்டா?

தராசும் அட்டையும் கோலமும் இருக்கும்போது கணினி எதற்கு என்று எவரேனும் முடிவு செய்தால், அது பெருந்தவறாகும். கரையில் நின்று கைகால்களை அசைப்பவர் நீச்சலின் முறையை அறியலாம், நீந்தக் கற்றவராகார். தாம் எழுதிய நிரல் இயங்காமல் நிற்பதைக் காண்பதும், பிழையைத் தேடுவதும், திருத்தி மீண்டும் இயக்குவதும் கணினியின் முன் அமர்ந்தால்தான் வாய்க்கும். அங்கே பிழை என்பது தண்டனைக்குரிய குற்றமன்று. அடுத்த படிக்கான வழிகாட்டி. லோகோ என்னும் நிரல்மொழியை 1967இல் பிறருடன் இணைந்து உருவாக்கிய சீமோர் பேப்பர்ட், பிள்ளைகள் தம் பிழைகளை ஆராய்வதன் வழியே தம் சிந்தனையையே ஆராயக் கற்கின்றனர் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

எனவே எளிய கருவிகளைக் காட்டி, அரசுப் பள்ளி மாணவருக்குரிய கணினியை மறுப்பதற்கு இடந்தரக் கூடாது. நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பொறியும் சிற்றூர்ப் பிள்ளைக்குத் தீப்பெட்டியும் என்று பங்கிடுவது நீதியாகாது. இருவர்க்கும் இரண்டும் வேண்டும். ஆய்வகம் இருந்தும் அது பூட்டியே கிடந்தால் பயனில்லை. செய்முறைத் தேர்வுக்காக மட்டும் திறக்கப்படும் அறையாக அது சுருங்கிவிடாமல், மாணவர் தாமே முயன்று பார்க்கும் நேரம் வாரந்தோறும் ஒதுக்கப்பட வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழியும் உண்டு. லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஸ்கிராட்ச் முதலியவற்றைக் கட்டணமின்றி நிறுவலாம், படியெடுக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம். பழைய கணினியிலும் இயங்கும் லினக்ஸ் பதிப்புகள் உள்ளன. விழுப்புரத்தில் இயங்கும் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியும் நிரலாக்கத்தைப் பற்றியும் சுற்றுவட்டார மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகின்றனர். 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கணியம்' மின்னிதழ், இத்துறைக் கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் வழங்கி வருகிறது. சிறு நகரத்திலும் நிரலாக்க அறிவு தழைக்கும் என்பதற்கு இத்தகைய முயற்சிகள் சான்றாகும்.

கட்டளையிட்டால் நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு நிரலாக்கம் எதற்கு என்னும் ஐயமும் இன்று எழுகிறது. பிறர் எழுதிய கடிதத்தில் கையொப்பமிடுபவருக்கும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பொறி தந்த நிரல் சரியானதா, எந்தச் சூழலில் அது தவறும் என்பனவற்றை ஆராயும் திறன் முன்னைவிட இன்று மிகுதியாகத் தேவைப்படுகிறது. மனப்பாடத்தால் அத்திறன் வாராது.

செய்யத்தக்கவை

கற்பித்தல் கருவிகளை ஆசிரியரே தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை முதலில் வேண்டும். திண்டிவனத்து ஆசிரியர் நிலக்கடலை இரகங்களின் பெயர், வயது, எண்ணெய் அளவு, விளைச்சல் ஆகியவற்றை அட்டவணையாக்கித் தரவுத்தளப் பாடத்தை நடத்தலாம். மரக்காணத்து ஆசிரியர் உப்பளக் கணக்கையும், நாகப்பட்டினத்து ஆசிரியர் மீன்வரத்தையும், நீலகிரி ஆசிரியர் தேயிலை எடையையும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை ஒருவருக்கொருவர் தடையின்றிப் பகிர்ந்துகொள்ளப் பொதுவான ஒரு தமிழ்க் களஞ்சியம் அமையுமானால், ஒரு பள்ளியில் பிறந்த நல்ல பாடம் மாநிலம் முழுவதற்கும் உரியதாகும்.

அடுத்து, வினாவின் இயல்பு மாற வேண்டும். நிரலை எழுதுக என்று பணிப்பதோடு நில்லாமல், 'இவ்வரியை நீக்கினால் என்ன நிகழும்?', 'இந்நிரலில் உள்ள பிழை யாது?', 'இதனை ஆயிரம் மாணவரின் மதிப்பெண்களுக்குப் பொருந்துமாறு மாற்றுக' என்னும் வினாக்கள் வகுப்பிலும் தேர்விலும் இடம்பெற வேண்டும். அவ்வினாக்களுக்கு மனனம் விடை தராது. புரிதலே விடை தரும். மாணவரும் பாடநூலில் உள்ள ஒவ்வொரு நிரலையும் ஓரிடத்திலேனும் மாற்றி, விளைவை முன்கூட்டியே ஊகித்து, பின் இயக்கிச் சரிபார்க்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும்.

நிலக்கடலைத் தோட்டத்தில் களையெடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் எடையிடவும் தரம் பிரிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரியும். நிரலாக்கத்திற்கு வேண்டிய விதை அதுவே. அவ்வறிவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடாமல் உள்ளே அழைத்து, அதன் கையில் ஒரு கணினியையும் கொடுப்பது கல்வியின் கடமை.